பழைய கறுப்பு சைக்கிளும் கடலோர நகரங்களும்: தினசரி ஓட்டத்துக்கு எதை மாற்றுவது?

பின்கட்டில் பல வருடம் சாத்திக் கிடந்த சைக்கிளை வெளியே எடுத்து, தினமும் கடைக்கும் வேலைக்கும் அலுப்பில்லாமல் ஓட்டும்படி ஆக்க வேண்டுமென்றால் முதலில் எதை மாற்றுவது? சீட்டையா, டயரையா, பல்சக்கரத்தையா, பிரேக்கையா? நூறு வருடங்களுக்கும் மேலாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வருகிறார்கள். பந்தயக்காரர்கள் ஒன்று சொன்னார்கள், நெடும்பயணம் போனவர்கள் வேறொன்று சொன்னார்கள், தெருமுனை மெக்கானிக்குகள் இன்னொன்று. ஒவ்வொரு பதிலும் ஏதோ ஓர் ஊரின் மேடுபள்ளத்தையும் வானிலையையும் மனதில் கொண்டு பிறந்தது. அது வேறோர் ஊருக்குப் பொருந்துமா என்பதை அந்த ஊரின் சாலையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்ப்பதற்குக் கடலூரும் சிதம்பரமும் ஏற்ற ஊர்கள். இரண்டுக்கும் நடுவே நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர், வழிநெடுகச் சமதரை. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு எல்லாம் கடலைத் தொடும் கடைமடை நிலம் இது. கடலூரில் மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், திருப்பாதிரிப்புலியூர், தேவனாம்பட்டினம் எல்லாமே சைக்கிள் தூரம். முதுநகர் சற்றுத் தள்ளி. சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றிய நான்கு தேர் வீதிகளிலிருந்து, ரயில் பாதைக்குக் கிழக்கே 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரை மிதித்தே போய்விடலாம். மேடு என்று சொல்ல ஆற்றுப்பாலங்களும் ரயில்வே மேம்பாலமும்தான் உண்டு. ஆனால் கடல் பக்கத்தில் இருக்கிறது. உப்புக்காற்று இரும்பை அரிக்கிறது. பிற்பகலில் கடற்காற்று எதிரே வந்து நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாமல் பெய்கிறது.

சொகுசு என்பதை மெத்தென்ற இருக்கை என்று மட்டும் கொண்டால் விவாதம் அங்கேயே குறுகிவிடும். முழங்கால் வலிக்காமல் இருப்பது, வேட்டியும் துப்பட்டாவும் செயினில் சிக்காமல் இருப்பது, மழையில் பிரேக் பிடிப்பது, பழுதானால் அதே தெருவில் சரிசெய்ய முடிவது எல்லாமே தினசரி ஓட்டத்தின் சொகுசில் அடங்கும். இந்தக் கட்டுரை அந்த விரிந்த பொருளிலேயே பேசுகிறது.

கறுப்பு சைக்கிளின் தரப்பு

முதல் தரப்பு மிகப் பழையது: எதையும் மாற்றாதே, ஒழுங்காக ஓவராயில் செய், போதும். இதன் பின்னால் ஒரு வடிவத்தின் நீண்ட வரலாறு இருக்கிறது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிள் இரண்டு சம அளவுச் சக்கரங்களையும் செயினையும் நிலைநிறுத்தியது. அதிலிருந்து வளர்ந்த இங்கிலாந்து ரோட்ஸ்டர்தான் நாம் கறுப்பு சைக்கிள் என்று அறிந்தது. இறக்குமதியாகி வந்த அது, விடுதலைக்குப் பின் இங்கேயே தயாரானது. முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது, அம்பத்தூரிலிருந்து ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் தமிழ்நாடெங்கும் போயின. சோனிப்பட்டில் அட்லஸ் 1951இலும், லூதியானாவில் ஹீரோ 1956இலும் தொடங்கின. வரலாற்றாசிரியர் டேவிட் ஆர்னால்ட் 2013இல் வெளியிட்ட நூலில் தையல் மெஷின், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றோடு சைக்கிளையும் ஒரே வரிசையில் வைக்கிறார்: வெளியிலிருந்து வந்து இந்தியக் கைகளில் வேறு வாழ்க்கை பெற்ற கருவிகள்.

இந்த வடிவம் சொகுசுக்காகவே செய்யப்பட்டது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. சீட் தண்டும் ஹேண்டில் தண்டும் நன்றாகச் சாய்ந்திருக்கும். முன் ஃபோர்க் முன்னோக்கி வளைந்திருக்கும். சக்கரங்களுக்கு இடையே தூரம் அதிகம். மூன்றும் சேர்ந்து குண்டுகுழியின் அதிர்ச்சியைக் குறைக்கின்றன. முதுகு நிமிர்ந்து உட்காரலாம். ஃபுல் செயின் கவர் துணியைக் காப்பதோடு செயினையும் மழையிலிருந்தும் உப்பிலிருந்தும் காக்கிறது. முழு மட்கார்டு, கேரியர், டபுள் ஸ்டாண்ட் எல்லாம் வாங்கும்போதே கூடவே வருகின்றன. ஐரோப்பிய நகரங்களில் இன்று தனித்தனியாக விலைகொடுத்துப் பொருத்திக்கொள்ளும் உறுப்புகள் இவை.

ஓவராயிலின் பயனையும் குறைத்து மதிப்பிடக்கூடாது. வருடக்கணக்கில் நின்ற சைக்கிளின் சக்கர அச்சைப் பிரித்தால் கிரீஸ் இறுகி, மண்ணோடு கலந்து கறுப்புப் பிசினாக இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்த பால்ரஸ் குண்டுகளை மாற்றி, புதுக் கிரீஸ் வைத்து, கோனை இறுக்கும்போதுதான் கைப்பக்குவம் தெரிகிறது. அதிகம் இறுக்கினால் சக்கரம் அரைக்கும். தளர விட்டால் ஆடும். சரியாக அமைந்துவிட்டதா என்று பார்க்க மெக்கானிக்குகள் சக்கரத்தை மெல்லச் சுற்றி விடுகிறார்கள். வேகம் ஓய்ந்ததும் வால்வு உள்ள பக்கம் தன் எடையாலேயே கீழே வந்து, முன்னும் பின்னும் சற்று ஊசலாடி நின்றால் கோன் சரி. இத்தனையும் செய்த பின் அதே சைக்கிள் வேறு சைக்கிளாகத் தோன்றும். உறுப்புகளை மாற்றச் சொல்லும் பிற தரப்புகள் எல்லாம் இந்த வேலை முடிந்த பிறகே பேச வேண்டும் என்பது என் கருத்து.

இந்தத் தரப்பு பதில் சொல்லத் தவறும் இடங்கள் மூன்று. எடை 20 கிலோவை ஒட்டியது. பல்விகிதம் கனமானது. ஈரத்தில் பிரேக் நம்ப முடியாதது. முதலாவது சமதரையில் பெரிய குறையில்லை. மற்ற இரண்டும் குறைகளே.

காற்றடைத்த சக்கரம்

டயர்தான் சொகுசின் வேர் என்ற தரப்புக்கு ஆரம்பம் 1888, பெல்ஃபாஸ்ட். கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓட வேண்டும் என்று காற்றடைத்த டயரைச் செய்தார். சொகுசுக்கென வந்த அந்த டயர் அடுத்த வருடமே பந்தயங்களில் வென்றது. அதிர்வைக் குறைத்தால் வேகமும் கூடும் என்ற செய்தி அன்றே கிடைத்துவிட்டது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் பெரும்பகுதி பந்தய உலகம் அதை மறந்து, டயரை ஒடுக்கிக்கொண்டும் காற்றை ஏற்றிக்கொண்டும் போனது. சாதாரண ஓட்டுநர்களும் கல்லு மாதிரிக் காற்றடிப்பதே நல்லது என்று பழகினார்கள்.

இதை மறுத்தவர்களில் அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் பெர்டோ முக்கியமானவர். ஆள் ஏறி உட்காரும்போது டயரின் உயரம் ஏறக்குறைய 15 சதவீதம் அமுங்கும் அளவுக்குக் காற்று இருப்பது நல்லது என்று அவர் முன்வைத்தார். ஜான் ஹைன் நடத்திய பைசிக்கிள் குவார்ட்டர்லி இதழ் அந்தக் கருத்தைப் பரப்பி, அகலமான, இளகிய டயர்கள் ஒடுக்கமானவற்றைவிட மெதுவானவை அல்ல என்று சோதனைகளால் வாதிட்டது. கறுப்பு சைக்கிளின் 28க்கு 1½ அங்குல டயர் சுமார் 40 மில்லிமீட்டர் அகலம். அதில் 15 சதவீதம் என்பது 6 மில்லிமீட்டர் அமுங்கல். நிமிர்ந்து உட்காரும்போது எடையின் பெரும்பங்கு பின்சக்கரத்தில் விழுவதால் முன்டயருக்குக் காற்று இன்னும் குறைவாகப் போதும். தெருவோரக் கடையில் இரண்டு டயருக்கும் ஒரே அளவு அடித்துவிடுவது இந்தக் கோணத்தில் பிழை. மணிக்கட்டு வலி என்று வருகிறவர்களில் சிலருக்கு முன்டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினாலே வலி குறையலாம்.

இந்தத் தரப்பை அப்படியே ஏற்பதிலும் சிக்கல் உண்டு. ஹைன் பேசும் டயர்கள் விலை உயர்ந்தவை, மெல்லிய பக்கச்சுவர் கொண்டவை. கருவேல முள்ளும் கண்ணாடிச் சில்லும் கிடக்கும் ஓரத்தில் ஓட்டச் செய்தவை அல்ல. இங்கே கேரியரில் அரிசி மூட்டையோ ஆளோ ஏறும்போது பின்டயரின் சுமை சட்டென்று கூடுகிறது. காற்று குறைந்திருந்தால் ரிம் டியூபைக் கடித்துவிடும். வால் டியூப் போட்ட பழைய வால்வில் சாதாரண அளவுமானி காற்றழுத்தத்தைக் காட்டாது, கட்டைவிரல்தான் அளவுமானி. ஆகவே 15 சதவீதம் என்பதைத் திசைகாட்டியாகக் கொள்ளலாம், அளவுகோலாகக் கொள்ள முடியாது. இருந்தாலும் செலவே இல்லாமல் உடனே பயன் தரும் மாற்றம் இது ஒன்றுதான்.

மேடில்லாத ஊரில் கியர் எதற்கு?

இதுதான் மிகப் பழைய சண்டை. கடலூருக்கு மிக அவசியமானதும்கூட. பிரான்சின் சாந்த்-எத்தியென் நகரில் வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய போல் த விவி (1853–1930), மலைப்பாதைக்குப் பல கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடினார். எதிர்த்தரப்பில் டூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ச். கியர் மாற்றுவது 45 வயதைத் தாண்டியவர்களுக்கு உரியது, இளைஞனுக்குத் தசை போதும் என்பது அவர் நிலை. அந்தப் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை 1937இல்தான் அனுமதித்தார்கள். இங்கிலாந்தில் நடுவழி ஒன்று பிறந்தது: நாட்டிங்ஹாமில் 1902இல் தொடங்கிய ஸ்டர்மி-ஆர்ச்சர், சக்கர அச்சுக்குள்ளேயே மூன்று கியரை அடக்கியது. 1936இல் வந்த அதன் ஏ.டபிள்யூ. மாதிரி இன்றுவரை சிறு மாற்றங்களோடு தொடர்கிறது. உற்பத்தி இப்போது தைவானில்.

இந்தியாவில் இந்த விவாதம் நடக்கவே இல்லை எனலாம். ஒரே கியர், முன்னால் 48 பல், பின்னால் 18 என்பது எழுதாத சட்டம்போல் நின்றுவிட்டது. சமதரைதானே, எதற்குக் கியர் என்பது அதன் நியாயம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நியாயம் நிற்பதில்லை. 48க்கு 18 என்றால் ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 6 மீட்டர் போகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 21 கிலோமீட்டருக்கும் மேல். ஊருக்குள் யாரும் அந்த வேகத்தில் போவதில்லை. மணிக்கு 12 கிலோமீட்டரில் போகும்போது கால் நிமிடத்துக்கு 33 சுற்றுதான் சுற்றுகிறது; ஒவ்வொரு மிதியும் முழங்காலுக்குக் கனம். குறைந்த உழைப்பில் ஓட்டும்போது 50, 60 சுற்று உடலுக்குச் சிக்கனமானது என்பது உடலியல் ஆய்வுகள் பொதுவாகச் சொல்லும் முடிவு. நம் சைக்கிள் அதற்கு வெகு கீழே ஓடுகிறது.

மேடு இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்பெருக்கமாக ஏறுகிறது. மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறவருக்கு எதிரே அதே வேகத்தில் காற்று வீசினால் அவர் மேல் விழும் காற்றுத்தடை நான்கு மடங்காகிறது. நிமிர்ந்து உட்கார்ந்தவருக்கு மார்பே பாயாக நிற்கிறது. மாலையில் புதுப்பாளையத்திலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு மிதிப்பவர், அல்லது திறந்த வயல்வெளி வழியே சிதம்பரத்திலிருந்து கிள்ளைப் பக்கம் போகிறவர் ஏறுவது கண்ணுக்குத் தெரியாத மேடு. மலை ஏற்றமாவது உச்சியோடு முடியும், இறக்கமும் உண்டு. எதிர்க்காற்றுக்கு உச்சி கிடையாது.

மிக எளிய திருத்தம் பின்சக்கர ஃப்ரீவீலை 18 பல்லிலிருந்து 22க்கு மாற்றுவது. மிதிக்கும் விசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஒரு சுற்றுக்கு 4.9 மீட்டர், மணிக்கு 15 கிலோமீட்டரில் கால் 51 சுற்று சுற்றும். பல் நான்கு கூடுவதால் செயினில் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டும்; ஃபுல் செயின் கவருக்குள் புதுப் பல்சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அமெரிக்காவின் புகழ்பெற்ற சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் (1944–2008) பழைய ஆங்கில மூன்று கியர் சைக்கிள்களுக்கும் இதையேதான் சொல்லி வந்தார்: பின் பல்சக்கரத்தைப் பெரிதாக்கு, தொழிற்சாலை கொடுத்த விகிதம் தேவைக்கு மேல் கனம். மறுப்பு ஒன்று உண்டு. காற்று பின்னாலிருந்து தள்ளும்போதும் பாலத்தில் இறங்கும்போதும் கால் வீணாகச் சுற்றும். வேகமாக ஓட்டிப் பழகிய இளைஞர்களுக்கு இது பிடிக்காது. 20 பல் என்பது இரண்டுக்கும் நடுவான சமரசம்.

அப்படியென்றால் மூன்று கியர் அச்சு முழுத் தீர்வாகாதா? கணக்கில் ஆகும். நடுக்கியரைவிடக் கீழ்க்கியர் கால்பங்கு இலகு, மேல்கியர் மூன்றிலொரு பங்கு கனம். அச்சுக்குள் அடைபட்டிருப்பதால் உப்பும் மண்ணும் எட்டாது. சிக்கல் பொருத்துவதில். நம் ரோட்ஸ்டரின் பின்ரிம்மில் 40 துளை, முன்ரிம்மில் 32. இன்று கிடைக்கும் கியர் அச்சுகள் பெரும்பாலும் 36 துளை கொண்டவை. ரிம்மையும் மாற்ற வேண்டும், போக்ஸ் கம்பியையும் வேறு நீளத்தில் தேட வேண்டும், பின்கவட்டையும் சற்று விரிக்க வேண்டியிருக்கும். எல்லாம் முடித்த பிறகும், உள்ளே ஒரு சிறு ஸ்பிரிங் முறிந்தால் அதைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் பக்கத்தில் இருக்க வேண்டும். 22 பல் ஃப்ரீவீலை எந்த ஊர்க் கடையும் மாற்றித் தரும். தினசரி வாகனத்துக்கு இந்த வேறுபாடு பெரியது.

உட்காரும் விதம்

சீட்டைப் பற்றிய எழுத்து மிகுதி, தெளிவு குறைவு. தோல் சீட்டுக்கான முதல் காப்புரிமையை ஜான் புரூக்ஸ் 1882இல் பதிந்தார். நிமிர்ந்து உட்காரும்போது உடலின் எடை இடுப்பெலும்பின் அடிமுனைகளில் நேராக இறங்குவதால் அகலமான, ஸ்பிரிங் வைத்த சீட் வேண்டும் என்பது அந்தக் காலத்து முடிவு. அது இன்றும் சரியே. பின்னர் வந்த தடித்த ஸ்பாஞ்சு சீட்டுகள் கடையில் அமுக்கிப் பார்க்க இதமானவை. அரைமணி நேரத்தில் எலும்பு உள்ளே புதைந்து, நடுவில் எழும்பும் ஸ்பாஞ்சு மென்தசையை அழுத்தத் தொடங்குகிறது. வெயிலில் வியர்வையும் சேர்கிறது. தோல் சீட் காற்றோட்டமானது, ஆனால் மழையில் நனைந்து தொய்ந்துபோகும். மழைக்காலத்துக்கு ஓர் உறை அவசியம்.

உயரத்தில் இரண்டு கட்சி. ஹாம்லி, தாமஸ் என்ற ஆய்வாளர்கள் 1967இல், பெடலிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரையுள்ள தூரம் கால் உள்நீளத்தில் 109 சதவீதமாக இருந்தால் அதிக ஆற்றல் கிடைக்கும் என்றார்கள். பந்தய உலகம் அதைப் பிடித்துக்கொண்டது. அந்த உயரத்தில் உட்கார்ந்தவர் நிறுத்தும்போது கால் ஊன்ற முடியாது. திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில் நூறடிக்கு ஒரு முறை கால் ஊன்ற வேண்டியிருக்கும். அதனால் எல்லோரும் சீட்டை இறக்கி வைக்கிறார்கள். முழங்கால் மடிந்தே மிதிக்கிறது. கறுப்பு சைக்கிளின் சாய்ந்த சீட் தண்டு, பெடலைச் சற்று முன்னால் தள்ளிவைத்து இந்த முரண்பாட்டை ஓரளவு தணிக்கிறது. ஹேண்டில் சீட்டின் உயரத்துக்காவது இருக்க வேண்டும் என்று கலிபோர்னியாவில் ரிவெண்டெல் நிறுவனத்தை நடத்தும் கிராண்ட் பீட்டர்சன் 2012இல் எழுதிய நூலில் வற்புறுத்தினார். ரோட்ஸ்டர் ஓட்டிகளுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஆனால் ஹேண்டிலை உயர்த்தினால் அதோடு பிணைந்த பிரேக் கம்பியின் நீளத்தையும் திருகாணியில் சரிசெய்ய வேண்டும். அதை மறந்தால் பிரேக் கட்டை ரிம்மிலேயே ஒட்டி நிற்கும்.

இந்த விவாதம் முழுவதிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. அளவெடுக்கப்பட்ட உடல் பெரும்பாலும் ஐரோப்பிய ஆண் உடல். நம் கடைகளில் 22 அங்குலம், 24 அங்குலம் என்று இரண்டு சட்ட அளவுகளே நீண்ட காலம் புழங்கின. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய 152 செ.மீ.; அவர்களுக்கு அந்தச் சட்டங்கள் மிகப் பெரியவை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். அதைப் பதிவுசெய்த பி. சாய்நாத் கவனித்த ஒரு விஷயம் வடிவமைப்பாளர்களுக்கு முக்கியமானது: லேடீஸ் சைக்கிள் போதாமல் போனபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தார்கள், சிலர் அதையே விரும்பவும் செய்தார்கள், முன்பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதற்காக. ஏறி இறங்க எளிது என்று பாரை நீக்கிய வடிவமைப்பு, குழந்தையோடு போகிறவளின் கணக்கைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பெண்களின் சைக்கிளை மாற்றி அமைப்பவர்கள் சீட்டுக்கு முன் கேட்க வேண்டியது, யாரை, எதை ஏற்றிக்கொண்டு போகிறாள் என்பதை.

மழையில் பிரேக்

கம்பி பிரேக்கின் அமைப்பைக் கிட்டப் போய்ப் பார்த்தால் அதன் அறிவுக்கூர்மை விளங்கும். லீவரை இழுத்ததும் கம்பி மேலேறி, குதிரைலாட வடிவ வளையத்தைத் தூக்குகிறது. அதிலுள்ள இரண்டு கட்டைகள் ரிம்மின் உள்முகத்தில், அச்சைப் பார்த்த பக்கத்தில், அழுந்துகின்றன. சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் கோணினாலும் பிரேக் பாதிக்கப்படாது. குழிச்சாலைக்கு ஏற்ற குணம் இது. கேபிள் அறுவதும் இல்லை. ஆனால் ரிம் முலாம் பூசிய எஃகு. விட், வில்சன் இருவரும் எழுதி 1974இல் எம்.ஐ.டி. வெளியிட்ட சைக்கிள் அறிவியல் நூலின் வழியே பரவலான சோதனை முடிவு, ஈரமான எஃகு ரிம்மில் ரப்பர் கட்டையின் பிடிப்பு காய்ந்த நிலையின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போகலாம் என்கிறது. கார்த்திகை மழையில் பாலத்திலிருந்து இறங்கும் ஒருவருக்கு இதைவிட முக்கியமான எண் வேறில்லை.

அலுமினிய ரிம்முக்கு மாறினால் பிடிப்பு நன்றாகக் கூடும். ஆனால் ரோட்ஸ்டர் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இன்றைய நகர சைக்கிள்களின் ரிம் 622. மாற்றினால் கம்பி பிரேக் அதன் உள்முகத்தில் வேலைசெய்யாது. நீளக்கை உள்ள கேபிள் பிரேக் வேண்டும். அதைப் பொருத்தப் பழைய சட்டத்தில் துளையே இருக்காது. அச்சுக்குள் இயங்கும் டிரம் பிரேக் மழைக்கு மிகச் சிறந்தது, செலவும் துளைக்கணக்குச் சிக்கலும் அதிலும் உண்டு. தோல் பட்டை ஒட்டிய பிரேக் கட்டைகள் ஈரத்தில் ரப்பரைவிட நன்றாகப் பிடிப்பதாக ஆங்கில ரோட்ஸ்டர் ஓட்டிகள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். மலிவான இந்த வழி இங்கே ஏன் பரவவில்லை என்பது யோசிக்க வேண்டியது. இப்போதைக்கு, முன் பிரேக்காவது அலுமினிய ரிம்மிலோ டிரம்மிலோ இருப்பது மழை மாதங்களில் ஓட்டுபவர்களுக்கு ஏறக்குறைய கட்டாயம் என்றே சொல்வேன்.

ஸ்பிரிங் ஃபோர்க்கும் மோட்டாரும்

ஸ்பிரிங் ஃபோர்க் வைத்த மலைச்சைக்கிள் தோற்றம்தான் இன்று கடைகளில் சொகுசு என்ற பெயரில் அதிகம் விற்கிறது. விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க் எடையைக் கூட்டி, மிதிக்கும் விசையில் ஒரு பங்கைத் தின்று, உப்புக்காற்றில் இறுகிப்போகிறது. மட்கார்டு சிறியது, செயின் திறந்து கிடக்கிறது. கறுப்பு சைக்கிளின் நல்ல குணங்களைக் கழற்றிவிட்டு அதன் கனத்தை மட்டும் வைத்துக்கொண்ட வடிவம் இது.

மோட்டார் வேறு விஷயம். இந்திய விதிகளின்படி 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட மின்சைக்கிளுக்குப் பதிவும் உரிமமும் தேவையில்லை. எதிர்க்காற்றுக்கும் வயதுக்கும் அது நேர்மையான பதில். ஆனால் 20 கிலோ ரோட்ஸ்டரில் மோட்டாரும் பேட்டரியும் ஏறும்போது, பழைய கம்பி பிரேக் அந்த எடையையும் வேகத்தையும் தாங்க வேண்டும் என்பதை மறந்துவிடக்கூடாது. பிரேக்கை மாற்றாமல் மோட்டார் பொருத்துவது ஆபத்து.

கோளாறு சாலையில் என்பவர்கள்

கடைசித் தரப்பு இத்தனை உறுப்புப் பேச்சையும் ஒதுக்கிவிடுகிறது. ஓட்டுபவரின் தோள் இறுகுவதற்குக் காரணம் ஹேண்டிலின் உயரம் அல்ல, பின்னால் ஹாரன் அடித்து வரும் பேருந்து என்கிறது. நெதர்லாந்தில் 1970களின் தொடக்கத்தில் சாலையில் குழந்தைகள் இறப்பதை எதிர்த்து எழுந்த இயக்கமும் எண்ணெய் நெருக்கடியும் தனிப் பாதைகளைக் கொண்டுவந்தன. நம் ரோட்ஸ்டரின் உறவான கனத்த நிமிர்நிலை சைக்கிளில்தான் அங்கே நாடே ஓடுகிறது. இந்தியாவில் 2006இன் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சைக்கிளுக்கும் நடைக்கும் முன்னுரிமை பேசியது. சைக்கிள் பாதை வடிவமைப்புக்கான இந்திய சாலைக் காங்கிரசின் வழிகாட்டி 1962லேயே வந்து, 2015இல் திருத்தப்பட்டது. சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கெனக் கொள்கை வகுத்தது. நடுத்தர ஊர்களின் வீதிகளை இவை மாற்றியது மிகக் குறைவு.

இந்தத் தரப்பின் வாதம் வலுவானது. அதன் பலவீனம் காலம். சாலை மாற இருபது வருடமாகலாம்; நாளைக் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறவருக்கு இன்றைக்கே ஒரு பதில் வேண்டும். தவிர, நல்ல பாதையிலும் கனமான பல்விகிதம் கனமாகவே இருக்கும்.

தீராமல் நிற்பவை

இந்தத் தரப்புகளை ஒன்றோடொன்று உரசிப் பார்க்கும்போது ஒரு வரிசை தோன்றுகிறது. ஓவராயில், டயர்க்காற்று, சீட்டும் ஹேண்டிலும் உடலுக்கேற்ற உயரம், பின் பல்சக்கரம், பிறகு பிரேக். இவற்றில் பிரேக் தவிர மற்றவை சிறு செலவில் தெருக்கடையிலேயே முடியும். இந்த வரிசை சமதரையும் கடற்காற்றும் மழையும் சேர்ந்த ஊர்களுக்கு மட்டுமே. ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ இதைப் பரிந்துரைக்க முடியாது. வெயிலின் கணக்கும் தீரவில்லை. குறைந்த கியரில் மெல்லப் போனால் உழைப்பு குறைகிறது, வெயிலில் இருக்கும் நேரம் கூடுகிறது. சித்திரை மதியத்தில் இவற்றில் எது உடலுக்குப் பெரிய சுமை என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமுண்டு.

பெரிய திறந்த கேள்வி தனி ஆளின் சைக்கிளைத் தாண்டியது. தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென ஆரம்பித்து, பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டம், இன்று நம் தெருக்களில் ஓடும் சைக்கிள்களின் வடிவத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது. பீகாரில் 2006இல் தொடங்கிய இதுபோன்ற திட்டத்தைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகள் 32 சதவீதம் கூடியதையும், பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருந்த ஊர்களிலேயே அந்தப் பயன் பெரிதாக இருந்ததையும் 2017இல் வெளியிட்டார்கள். அந்த ஆய்வு அளந்தது பள்ளிச் சேர்க்கையை. அதே சைக்கிள் மூன்றாம் வருட மழையில் எப்படி நிற்கிறது, கேரியரில் தம்பியோடு எதிர்க்காற்றில் எப்படி ஏறுகிறது என்பது வேறு அளவீடு. பின்சக்கரத்தில் எத்தனை பல், பிரேக் கட்டை எந்தப் பொருள், சட்டம் எந்த உயரத்துக்கு என்ற மூன்று வரிகளை டெண்டர் விவரக்குறிப்பில் மாற்றினால் பல்லாயிரம் சைக்கிள்கள் ஒரே வருடத்தில் மாறும். மாணவர்கள் குறைந்த பல்விகிதத்தை இலகுவாக உணர்வார்களா, மெதுவான வண்டி என்று ஒதுக்குவார்களா என்பதைக் கடலூர் போன்ற ஒரு கடலோர மாவட்டத்தில் ஐப்பசி முதல் வைகாசி வரை சில பள்ளிகளில் இரண்டு வகையையும் ஓட்ட விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.